ஒரு தேங்காயிலிருந்து மூன்று உணவுப் பொருள்கள்

திருவனந்தபுரத்தில் கிழக்குக்கோட்டையை அடுத்துள்ள பழவங்காடி, தேங்காய் உடைபடும் ஓசை நாள்தோறும் கேட்கும் இடமாகும். இந்தியத் தரைப்படையின் பொறுப்பில் உள்ள கணபதி கோயிலில் தேங்காய் உடைப்பதே தலையாய வேண்டுதல். அதன் அருகில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சாலைக் கடைத்தெரு தொடங்குகிறது. இந்நகரத்தின் கடைகளில் தேங்காய் முழுக்காயாகவும், கொப்பரையாகவும், செக்கெண்ணெயாகவும் நெடுங்காலமாக விற்கப்பட்டு வருகிறது. இப்பொழுது அவற்றோடு பெட்டியில் அடைத்த தேங்காய்ப்பால், உலர்ந்த தேங்காய்ப் பொடி, ‘வெர்ஜின்’ என்ற பெயருடன் சிறு புட்டிகளில் வரும் எண்ணெய் ஆகியனவும் சேர்ந்துள்ளன.

பின்னால் கூறிய மூன்றையும் எந்த இல்லத்திலும் எளிதில் செய்துகொள்ளலாம் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். இதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. தேங்காய்த் துருவி, தூய பருத்தித் துணி, அடிகனமான பாத்திரம், சிறிது பொறுமை ஆகியவை போதும். வேலை இவ்வளவு எளிதாயிருப்பது ஏன், எந்த இடத்தில் கவனம் தேவை என்பவற்றை இங்கே காண்போம்.

தேங்காய்ப் பருப்பின் அமைப்பு

முற்றிய தேங்காயின் பருப்பில் எடை அளவில் ஏறத்தாழ பாதி நீர். மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. எஞ்சியதில் நார்ப்பொருளும் சர்க்கரையும் அடங்கும். புரதம் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கே உண்டு. இந்தச் சிறு அளவுப் புரதமே நமது கதையின் முக்கிய பாத்திரம்.

எண்ணெயும் நீரும் இயல்பாகக் கலப்பதில்லை. ஆயினும் துருவிய தேங்காயைப் பிழிந்தால் வெண்ணிறமான பால் கிடைக்கிறது. பருப்பின் உயிரணுக்கள் கிழிபடும்போது வெளிப்படும் நுண்ணிய எண்ணெய்த் துளிகளைப் புரதம் மெல்லிய உறைபோல் சூழ்ந்துகொள்கிறது. அதனால் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் நீரில் மிதந்து நிற்கின்றன. இத்தகைய கலவையைப் பால்மம் என்பர். பசுவின் பாலும் ஒரு பால்மமே.

இப்பால்மத்தை அப்படியே காத்தால் தேங்காய்ப்பால். உடைத்து நீரை நீக்கினால் எண்ணெய். பிழிந்த சக்கையை உலர்த்தினால் பொடி. இம்மூன்று பொருள்களிலும் தங்கியுள்ள நீரின் அளவு ஒன்றல்ல. எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதையும் அந்நீரே தீர்மானிக்கிறது.

தேங்காய்ப்பால்

முற்றிய காயைத் துருவி, கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரைச் சிறிதளவு தெளித்து, சில நிமிடங்கள் பிசைந்து துணியில் இட்டுப் பிழிய வேண்டும். இது முதற்பால். வெந்நீர் கொழுப்பை இளக்குவதால் பிழிவு மிகுதியாகும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி சென்டிகிரேடில் உறையும் இயல்புடையது; ஆகவே குளிர்ந்த நீரில் பிழிவது பயன் குறைவானது. சக்கையில் மீண்டும் வெந்நீர் வார்த்து அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால் கிடைக்கும்.

ஓணத்தின்போது அடைப்பிரதமன் செய்யும் கேரளத்துப் பெண்டிரும், சொதி வைக்கும் திருநெல்வேலிப் பெண்டிரும் இரண்டாம் பாலில் பொருள்களை வேகவைத்து, முதற்பாலைக் கடைசியில் சேர்த்து உடனே இறக்கிவிடுவர். இவ்வழக்கத்தில் நல்ல இரசாயன அறிவு உள்ளது. உஷ்ணநிலை 80 டிகிரியைக் கடந்து உயரும்போது தேங்காய்ப் புரதம் திரியத் தொடங்குகிறது. எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்த உறை குலைகிறது. பால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கிறது. கொழுப்பு மிகுந்த முதற்பாலில் இக்கேடு தெளிவாகத் தெரியும்.

தேங்காய்ப்பாலில் நீர், சர்க்கரை, புரதம் யாவும் இருப்பதால் அது நுண்ணுயிர்களுக்கும் சிறந்த உணவாகும். வெயில் நாளில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். பிழிந்த அன்றே பயன்படுத்துவது நன்று. குளிர்பெட்டியில் வைத்தாலும் இரண்டு நாளைக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. கடையில் பெட்டியில் வரும் பால் பல மாதம் கெடாதிருப்பது, அது உயர்ந்த உஷ்ணத்தில் கிருமி நீக்கப்பட்டுக் காற்றுப் புகாமல் அடைக்கப்படுவதனால்தான்.

உருக்கெண்ணெய்

சமையலில் தவறாகக் கருதப்படும் ‘திரிதல்’ எண்ணெய் எடுக்கும்போது நமக்கு உதவியாகிறது. பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயைக் கேரளத்தில் ‘உருக்கு வெளிச்செண்ணெய்’ என்பர். பிறந்த குழந்தையின் உடலில் பூசுவதற்கென்று இதை வீட்டிலேயே காய்ச்சுவது அங்கே பழைய வழக்கம்.

முதற்பாலையும் இரண்டாம் பாலையும் ஒன்றாக வடிகட்டிக் குளிர்பெட்டியில் மூன்று நான்கு மணி நேரம் வைத்தால், நீரைவிட இலேசான கொழுப்பு மேலே ஏடாகத் திரண்டு உறையும். அடியில் தங்கும் நீரை நீக்கிவிடலாம். இதனால் காய்ச்சும் நேரமும் எரிபொருளும் மிகவும் குறைகின்றன. ஏட்டை அடிகனமான பாத்திரத்தில் இட்டு, இளந்தீயில் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும்.

முதலில் புரதம் தயிர்போல் திரளும். நீர் கொதித்து ஆவியாகும்வரை சடசடவென்ற ஓசை கேட்கும். அதுவரை உஷ்ணநிலை 100 டிகிரி அளவிலேயே நிற்கும். நீர் தீர்ந்ததும் ஓசை அடங்கி, உஷ்ணநிலை விரைந்து ஏறத் தொடங்கும். அடியில் திரண்ட பொருள் இளம் பொன்னிறமடையும்போது அடுப்பை நிறுத்தி உடனே வடித்துவிட வேண்டும். தாமதித்தால் அது கருகி எண்ணெய்க்கு நிறத்தையும் கசப்பையும் ஊட்டும். ஆகவே ஓசை அடங்கும் தருணத்தில் அடுப்படியை விட்டு அகலலாகாது.

வடித்தபின் எஞ்சும் பழுப்பு நிறக் கசடு இனிப்பும் மணமும் உடையது. மலையாளத்தில் இதைக் ‘கக்கன்’ என்பர். சிறிது வெல்லத்துடன் குழந்தைகள் விரும்பி உண்பர்.

ஒரு கிலோ துருவலில் ஏறத்தாழ 330 கிராம் கொழுப்பு உண்டு. கையால் பிழிவதில் அது முழுவதும் வெளிவராது. 200 கிராம் எண்ணெய் கிடைத்தால் மனநிறைவு கொள்ளலாம். எனவே வீட்டில் காய்ச்சும் எண்ணெய் செக்கெண்ணெயைவிட மலிவாக இராது. அதில் என்ன உள்ளது என்பதை ஐயமின்றி அறிந்திருப்பதே அதன் பயன்.

எண்ணெயை நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியிலோ துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்திலோ, ஒளி படாமல் வைத்தல் வேண்டும். சிறிது நீர் தங்கினாலும் கொழுப்பு சிதைந்து சிக்கு வாடை தோன்றும். செம்பு போன்ற உலோகங்கள் காற்றிலுள்ள பிராணவாயு எண்ணெயைத் தாக்குவதை விரைவுபடுத்துவதால், செம்புப் பாத்திரத்தில் சேமித்தல் தகாது.

சக்கையிலிருந்து பொடி

பிழிந்த சக்கையில் நார்ப்பொருள் மிகுதி. ஓரளவு கொழுப்பும் எஞ்சியிருக்கும். இதை எறிந்துவிடுவது வீண். பிழிந்த உடனேயே அகன்ற வாணலியில் பரப்பி, இளஞ்சூட்டில் கைவிடாமல் வறுத்தால் நீர் நீங்கி மொறுமொறுப்பாகும். ஆறியபின் பொடித்துக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்துக்கொண்டு, புட்டு மாவிலும் அடை மாவிலும் கலக்கலாம். மிளகாயும் பருப்பும் சேர்த்துச் சோற்றுப் பொடியாகவும் இடிக்கலாம். இரண்டு மூன்று வாரத்திற்குத் தேவையான அளவே செய்துகொள்வது நன்று.

யாவாவிலிருந்து ஓர் எச்சரிக்கை

‘பிழிந்த உடனேயே’ என்று கூறியதற்குத் தக்க காரணம் உண்டு. இந்தோனேசியாவின் யாவாத் தீவில், பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையையும் எண்ணெய் எடுத்த பிண்ணாக்கையும் பூஞ்சணத்தால் நொதிக்கவைத்து உண்ணும் வழக்கம் இருந்தது. ‘தெம்பே போங்க்ரெக்’ என்ற இவ்வுணவு ஏழை மக்களின் மலிவான உணவு. இதை உண்டவர்கள் சில சமயங்களில் கூட்டங்கூட்டமாக இறந்தனர். 1930களில் அங்கே பணியாற்றிய டச்சு விஞ்ஞானிகள், ஈரமான தேங்காய்ச் சக்கையில் வளரும் ஒருவகைப் பாக்டீரியம் கொடிய நஞ்சை உண்டாக்குவதைக் கண்டறிந்தனர். இந்நஞ்சுக்குப் போங்க்ரெக் அமிலம் என்று பெயர். அதற்குத் தனியான மணமோ சுவையோ இல்லை. சமைப்பதாலும் அது அழிவதில்லை. 1988ஆம் ஆண்டில் இந்தோனேசிய அரசு இவ்வுணவைத் தடைசெய்தது.

நம் நாட்டில் தேங்காய்ச் சக்கையை அவ்வாறு நொதிக்கவைத்து உண்ணும் வழக்கம் இல்லை. எனினும் இதிலிருந்து இல்லத்தார் அறிய வேண்டியது உண்டு. சூடாக்காமல் பாலைப் புளிக்கவைத்து எண்ணெயைப் பிரிக்கும் முறையும் ஒன்று உள்ளது. காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் காய்ச்சும் முறையையும் நொதிக்கும் முறையையும் வகுத்தளித்துள்ளது. நொதிக்கும் முறையில் தூய்மையும் உஷ்ணநிலையும் கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும். அத்தகைய வசதியற்ற வீட்டு அடுக்களைக்குக் காய்ச்சும் முறையே ஏற்றது. ஈரமான துருவலையோ சக்கையையோ இரவு முழுவதும் வெளியே வைத்திருந்து மறுநாள் பயன்படுத்துதல் கூடாது.

கடை எண்ணெயைச் சோதித்தல்

எல்லா இல்லங்களிலும் எப்பொழுதும் எண்ணெய் காய்ச்சுதல் இயலாது. கடை எண்ணெயையே பெரும்பாலோர் நம்பியுள்ளனர். 2018ஆம் ஆண்டில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை, கலப்படம் காரணமாகப் பல வணிகப் பெயர்களில் வந்த தேங்காயெண்ணெயின் விற்பனையைத் தடைசெய்தது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பரிந்துரைக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. சிறிது எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். பனிக்கட்டி அறையில் வைக்கலாகாது. தூய தேங்காயெண்ணெய் முழுவதும் உறைந்துவிடும். வேறு எண்ணெய் கலந்திருப்பின் அது தனிப் படலமாக நிற்கும்.

இச்சோதனைக்கு எல்லை உண்டு. பனைக்கொட்டைப் பருப்பெண்ணெயின் இயல்பு தேங்காயெண்ணெயை ஒத்திருப்பதால், அது கலந்திருந்தால் இம்முறையில் புலப்படாது. ஆராய்ச்சிசாலையில் அயோடின் மதிப்பை அளந்து உறுதி செய்வர். தேங்காயெண்ணெயின் அயோடின் மதிப்பு 7.5 முதல் 10 வரை இருத்தல் வேண்டும். வேறு தாவர எண்ணெய் சேர்ந்தால் இவ்வெண் உயரும். வீட்டில் நாமே காய்ச்சிய எண்ணெய் சிறிது கைவசம் இருப்பின், அதன் மணம், நிறம், உறையும் விதம் ஆகியவற்றைக் கடை எண்ணெயுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எவ்வளவு உண்ணலாம்?

வீட்டில் செய்தது என்பதால் அளவின்றி உண்ணலாம் என்று கருதுவது தவறு. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு பூரிதக் கொழுப்பு. நாள்தோறும் பெறும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பூரிதக் கொழுப்பிலிருந்து வரலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு அது ஏறத்தாழ 22 கிராம் ஆகும். 25 கிராம் தேங்காயெண்ணெயிலேயே அந்த அளவு எட்டிவிடும். பால், நெய், தேங்காய்த் துருவல் ஆகியவற்றையும் இக்கணக்கில் சேர்த்தல் வேண்டும். ‘வெர்ஜின்’ என்ற பெயர் தாங்கிய எண்ணெய்க்கும் இது பொருந்தும்.

முதன்முறை முயல்வோர் இரண்டு தேங்காயுடன் தொடங்கலாம். காலையில் பிழிந்து, முதற்பாலில் ஒரு பகுதியை அன்றைய சமையலுக்கு ஒதுக்கி, எஞ்சியதைக் குளிரவைத்து மாலையில் காய்ச்சலாம். இடையே சக்கையை வறுத்துவிடலாம். பாலை அன்றே உண்பதும், எண்ணெயில் நீர் தங்காமல் காய்ச்சுவதும், சக்கையைத் தாமதமின்றி உலர்த்துவதும் ஆகிய மூன்று விதிகளையும் கடைப்பிடித்தால், இரண்டு காய்களிலிருந்தும் எதுவும் வீணாகாது. உண்பவருக்குத் தீங்கும் நேராது.