எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு: எத்தனை எழுதலாம்?

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம்)

போன வாரம் நாமக்கல்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பி.இ. கடைசி வருஷம். வீட்டில் ஒரு லாரி, அதுக்கு மாசா மாசம் ட்யூ. அவர் கேட்டது இது: "அண்ணா, எம்.பி.ஏ.க்கு ஆறு எக்ஸாம் இருக்குன்னு சொல்றாங்க. எல்லாத்தையும் எழுதினாத்தான் சேஃப்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. அப்பாகிட்ட எவ்வளவு கேக்கறதுன்னு தெரியலைங்ணா. எத்தனை எழுதட்டும்?"

பெரும்பாலானவங்களுக்கு இரண்டு அல்லது மூன்று போதும். அந்த மூன்று எது, ஏன் ஆறு வேண்டாம், இதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

எந்தப் பரீட்சை, எந்தக் கதவு

முதல்ல கேட். பொறியியல் பசங்களுக்கு எம்.டெக். சேர இன்னொரு கேட் இருக்கு, அது வேற. இது ஐ.ஐ.எம்.கள் நடத்தறது. நவம்பர் கடைசி ஞாயிறை ஒட்டி வரும். ஆங்கில வாசிப்பு, டேட்டாவும் லாஜிக்கும், கணிதம்னு மூணு பகுதி, ஒவ்வொண்ணுக்கும் 40 நிமிஷம். ஐ.ஐ.எம். மட்டும்தான்னு நினைக்காதீங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸ், திருச்சி என்.ஐ.டி., டெல்லி எஃப்.எம்.எஸ். எல்லாம் கேட் ஸ்கோரைத்தான் கேக்குது. சென்னை லிபா, கிரேட் லேக்ஸ் மாதிரி தனியார் கல்லூரிகளும் இதை ஏத்துக்குது. ஒரே ஒரு பரீட்சையில் அதிகக் கதவு திறக்கறது இதுலதான்.

அடுத்தது எக்ஸ்ஏடி. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நடத்துது, ஜனவரி முதல் வாரம். இதில் 'டிசிஷன் மேக்கிங்'னு ஒரு பகுதி உண்டு. ஒரு ஆபீஸ் சிக்கலைச் சொல்லி, நீங்க மேனேஜரா இருந்தா என்ன செய்வீங்கன்னு கேப்பாங்க. ஆங்கிலம் கேட்டை விடக் கொஞ்சம் முறுக்கு.

ஸ்னாப், புனே சிம்பயாசிஸ் கல்லூரிகளுக்கானது. 60 நிமிஷத்தில் 60 கேள்வி. என்மேட்ல 120 நிமிஷத்தில் 108 கேள்வி, தப்புக்கு மார்க் குறையாது. முக்கியமா மும்பை என்.எம்.ஐ.எம்.எஸ். இரண்டுமே வேகத்தைச் சோதிக்கற பரீட்சை. ஸ்னாப்பை இரண்டு தடவை வரைக்கும், என்மேட்டை மூணு தடவை வரைக்கும் எழுதலாம், நல்ல ஸ்கோரை எடுத்துக்குவாங்க. ஒவ்வொரு தடவைக்கும் தனிக் காசு.

கடைசியா டான்செட். அண்ணா பல்கலைக்கழகம் நடத்துது. பெரும்பாலும் மார்ச். கவுன்சலிங்கை நடத்தறது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஆன்லைன்ல எம்.பி.ஏ. பற்றிப் பேசறவங்க யாரும் இதைப் பெருசா சொல்றதே இல்ல. தமிழ்நாட்டில் படிக்கத் தயாரா இருக்கறவங்களுக்கு இதுதான் உண்மையான வலை. ஏன்னு பிறகு சொல்றேன்.

காசு எவ்வளவு ஆகும்

2024-25 சீசன் கட்டணத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம். கேட் 2,500 ரூபாய் (எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,250). எக்ஸ்ஏடி 2,200. ஸ்னாப் ஒரு தடவைக்கு 2,250, இரண்டு தடவைன்னா 4,500. அதோட எந்தெந்த கோர்ஸுக்கு அப்ளை பண்றீங்களோ, ஒவ்வொண்ணுக்கும் 1,000. மூணு கோர்ஸ்னா 3,000. என்மேட் வரி நீங்கலா 3,000. டான்செட் 1,000. மொத்தம் 16,200 ரூபாய். பல தனியார் கல்லூரிகள் இதுக்கு மேல தனியா ஒரு விண்ணப்பக் கட்டணம் வாங்கும். மாக் டெஸ்ட், பஸ், தங்கற செலவு இன்னும் சேர்க்கலை. ட்யூ கட்டற வீட்டில் இது சின்னப் பணம் இல்ல.

ஒரே லைன்ல அஞ்சு சர்வர்

"அதிகம் எழுதினா சான்ஸ் அதிகம்தானே?" இந்தக் கணக்கை வெச்சுத்தான் எல்லாரும் ஃபீஸ் கட்டறாங்க. ஒரு பரீட்சையில் தேற 20 சதவீத வாய்ப்புன்னு வெச்சுக்குவோம். அஞ்சு எழுதினா, ஒண்ணுலயாவது தேற வாய்ப்பு 67 சதவீதம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பரீட்சையோட ரிசல்ட்டுக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தமே இல்லைன்னாத்தான் இந்தக் கணக்கு செல்லும்.

என் வேலையிலிருந்து ஒரு உதாரணம். ஒரு ஆப் படுக்கக் கூடாதுன்னு அஞ்சு சர்வர் போடுவோம். அஞ்சையும் ஒரே பில்டிங்ல, ஒரே கரண்ட் லைன்ல வெச்சா, லைன் போனா அஞ்சும் சேர்ந்து போயிரும். பரீட்சையும் அப்படித்தான். ஆங்கில வாசிப்பு உங்களுக்கு வீக்னா, கேட்லயும் அடி வாங்கும், எக்ஸ்ஏடிலயும் அடி வாங்கும். எழுதறது அதே ஆள், அதே தயாரிப்பு. அந்த 67 சதவீதம் நிஜத்தில் ரொம்பக் கீழ இறங்கிரும்.

அப்போ இரண்டாவது பரீட்சை, முதலாவதிலிருந்து வேற மாதிரி இருக்கணும். யோசிச்சு நிதானமா போடறவர்னா எக்ஸ்ஏடி. ஈசி கேள்வியை வேகமா அடிக்கறவர்னா ஸ்னாப் அல்லது என்மேட். இரண்டில் ஒண்ணு போதும்.

டான்செட் சேர்க்கை முறையிலேயே வேற. அங்க குரூப் டிஸ்கஷனும் இன்டர்வியூவும் இல்ல. மார்க், ரேங்க், கவுன்சலிங். தமிழ்நாட்டோட 69 சதவீத இட ஒதுக்கீடு பொருந்தும். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து நம்ம பக்கத்து சுயநிதிக் கல்லூரிகளோட அரசு ஒதுக்கீட்டு சீட் வரைக்கும் இதுல வருது. இதுதான் வேற லைன்ல இருக்கற சர்வர்.

எல்லாத்தையும் இன்னைக்கே முடிவு பண்ண வேண்டாம்

தேதிகளை வரிசையா வைத்துப் பாருங்க. கேட் பதிவு ஆகஸ்ட், செப்டம்பர்ல. அதுக்கு மட்டும் முதல்ல கட்டுங்க. செப்டம்பர், அக்டோபர்ல நாலஞ்சு மாக் எழுதினா உங்க பலம் எதுன்னு தெரிஞ்சிரும். அதைப் பார்த்து இரண்டாவதைத் தேர்ந்தெடுங்க. ஸ்னாப்புக்கு நவம்பர் வரையும், எக்ஸ்ஏடிக்கு டிசம்பர் தொடக்கம் வரையும் நேரம் இருக்கறதுதான் வழக்கம். கேட் ரிசல்ட் 2023-லும் 2024-லும் டிசம்பர் மூணாவது வாரத்திலேயே வந்துடுச்சு. டான்செட் பதிவு ஜனவரி, பிப்ரவரியில். அதாவது, கேட் மார்க்கைக் கையில் வெச்சுக்கிட்டே டான்செட்டுக்குக் காசு கட்டலாம்.

சேலம், நாமக்கல் பசங்களுக்கு இரண்டு விஷயம்

ஒண்ணு, பழைய மார்க். நம்ம பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் படிச்சு பத்தாவது, பன்னிரண்டாவதுல மார்க்கை அள்ளினவங்க நிறைய. அது இங்க உதவும். ஐ.ஐ.எம். பெங்களூரு மாதிரி இடங்கள் இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்போது அந்த மார்க்குக்கும் எடை கொடுக்குது. ஆனா ஒவ்வொரு பகுதிக்கும் தனி கட்-ஆஃப் உண்டு. கணக்கில் பின்னி எடுத்தாலும் ஆங்கிலத்தில் சறுக்கினா கதவு திறக்காது. ஆங்கிலப் பகுதியில் 24 கேள்வின்னா அதில் 16 பத்தியைப் படிச்சு விடை சொல்றது. இன்னொரு பரீட்சைக்குக் கட்டற காசையும் நேரத்தையும் தினமும் ஒரு மணி நேர ஆங்கில வாசிப்பில் போட்டா லாபம் அதிகம்.

இரண்டாவது, சர்டிஃபிகேட். நம்ம பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் டான்செட்டுக்குப் போதும். ஐ.ஐ.எம்.ல 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீடு வேணும்னா, மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் இல்லைங்கற சான்றிதழ் வேணும். இதுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கேட் பதிவுக்கு முன்னாடியே போய் வாங்குங்க. இது இல்லைன்னா, அந்த ஒதுக்கீட்டில் உங்களைச் சேர்க்க மாட்டாங்க. எத்தனை பரீட்சை எழுதினாலும் இந்த நஷ்டத்தை ஈடுகட்ட முடியாது.

பணம் கட்டறதுக்கு முன்னாடி

ஒரு பேப்பர் எடுங்க. சீட் கிடைச்சா, ஃபீஸையும் எஜுகேஷன் லோனையும் பார்த்த பிறகும் நிஜமாவே போய்ச் சேருவேன்னு சொல்ற கல்லூரிகளை மட்டும் எழுதுங்க. ஐ.ஐ.எம்.கள்ல இரண்டு வருஷ ஃபீஸ் பெரும்பாலும் 15 லட்சத்துக்கு மேல, டெல்லி எஃப்.எம்.எஸ்.ல சில லட்சம்தான். எல்லாத்தையும் வீட்டில் உட்கார்ந்து பேசுங்க. ஒவ்வொரு கல்லூரிக்கும் நேரா அது கேக்கற பரீட்சையை எழுதுங்க. எந்தக் கல்லூரிக்கும் நேரா வராத பரீட்சையை அடிச்சிருங்க. மிச்சம் நிக்கறதுதான் உங்க எண்ணிக்கை. நாமக்கல் தம்பி விவரமெல்லாம் அனுப்பினதும் இதையே செஞ்சோம்: கேட், ஸ்னாப் ஒரே ஒரு தடவை, டான்செட். ஸ்னாப்ல ஒரு கோர்ஸ் மட்டும்னா, மொத்தம் 6,750 ரூபாய்.

கட்டணமும் தேதியும் வருஷா வருஷம் மாறும். அந்தந்த பரீட்சையோட அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பார்த்துட்டுக் கட்டுங்க. அடுத்த எபிசோட் எஜுகேஷன் லோன் பற்றி. பேங்க்ல என்ன கேப்பாங்க, எப்போ அடமானம் கேப்பாங்கன்னு பார்ப்போம். கேள்வி இருந்தா அனுப்புங்க.