'பாரம்பரியப் பாடல்' என்ற முத்திரை: பெயர் இழக்கும் நாட்டுப்புறக் கவிஞர்கள்

புதுதில்லி: மும்பையிலிருந்தும் தில்லியிலிருந்தும் வெளியாகும் புதிய இசைத் தொகுப்புகளில், சில பாடல்களுக்கு நேரே 'பாரம்பரியப் பாடல்' என்ற குறிப்பு காணப்படும். இயற்றியவர் யாரென்று தெரியாமல், தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாக வந்த பாடல் என்பது அதன் பொருள். ஆனால், இயற்றியவர் உயிருடன் இருந்தால்? அதற்கு மேற்கு வங்கத்தின் ரத்தன் கஹார் ஓர் எடுத்துக்காட்டு.

பீர்பூம் மாவட்டம் சியுரியைச் சேர்ந்த கஹார், பாது, ஜுமுர் முதலான கிராமியப் பாடல்களுக்குப் பெயர் பெற்றவர். 'பரோலோகேர் பிட்டி லோ' என்ற பாடலை 1972-ல் எழுதியதாக அவர் கூறி வந்துள்ளார். 1976-ல் ஸ்வப்னா சக்ரவர்த்தியின் குரலில் இசைத்தட்டாக வந்தபோது பாடல் வங்கமெங்கும் பரவியது. கஹாரின் பெயர் பரவவில்லை.

2020 மார்ச்சில் ராப் பாடகர் பாத்ஷா தமது 'கேந்தா பூல்' பாடலில் அந்த வரிகளை எடுத்தாண்டார். கஹாரின் பெயர் அதிலும் இல்லை. சமூக வலைதளங்களில் எதிர்ப்பு எழுந்தது. முந்தைய வெளியீடுகளில் பாரம்பரியப் பாடல் என்றே இருந்ததாக பாத்ஷா விளக்கமளித்தார். பின்னர் கஹாருக்கு ரூ.5 லட்சம் அனுப்பினார். அவருடைய விளக்கத்தைச் சந்தேகிக்கக் காரணமில்லை. 44 ஆண்டுகளுக்கு முன் விடுபட்ட பெயர் மறுபடியும் விடுபட்டது, அவ்வளவுதான்.

சட்டம் சொல்வது என்ன?

கஹார் போன்றோருக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று கூறிவிட முடியாது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை பெறப் பதிவு கட்டாயமில்லை. ஆசிரியரின் ஆயுள் காலமும், அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். உரிமையை விற்றுவிட்ட பிறகும், 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமையை 57-வது பிரிவு காக்கிறது.

அன்றைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் கொண்டுவந்த திருத்த மசோதா, 2012 மே மாதம் கட்சி வேறுபாடின்றி இரு அவைகளிலும் நிறைவேறியது. ராயல்டியில் தங்களுக்குரிய சம பங்கைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இசை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கவே இயலாது என்பது அதன் சாரம். மாநிலங்களவையில் அப்போது நியமன உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் இதற்காகப் பாடுபட்டவர்.

எனினும், அந்த விவாதத்தில் பெரிதும் அடிபட்டது திரைப்படப் பாடல்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோருக்கு அத்திருத்தம் அரணானது. ஒப்பந்தத் தாளையே கண்டிராத கிராமியக் கவிஞருக்கு அதனால் என்ன பயன்?

நகரத்துச் சுயாதீனக் கலைஞர்களின் நிலை வேறு. தில்லியின் 'இந்தியன் ஓஷன்' குழு, '16/330 கஜூர் ரோடு' தொகுப்பின் பாடல்களை 2010-ல் மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டது. (கரோல் பாகில் அவர்கள் ஒத்திகை நடத்திய பழைய வீட்டின் முகவரி அது.) 2023-ல் 'து ஹை' தொகுப்பு வந்தது. ஜெய்ப்பூரில் பிறந்த பிரதீக் குஹாட், 2020-ல் அமெரிக்காவின் எலெக்ட்ரா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். தம் பாடலை விற்பதா, இலவசமாகக் கொடுப்பதா என்பதை இவர்களே தீர்மானிக்க முடிகிறது.

அதே சட்டத்தின் 31ஏ பிரிவு கவனத்துக்குரியது. ஆசிரியர் யாரென்று தெரியாவிட்டாலோ, கண்டுபிடிக்க இயலாவிட்டாலோ, அப்படைப்பைப் பயன்படுத்த விரும்புவோர் நாளிதழில் விளம்பரம் செய்து, முறைப்படி விண்ணப்பித்து, நிர்ணயிக்கப்படும் ராயல்டியை அரசின் பொதுக் கணக்கில் செலுத்தி உரிமம் பெறலாம். உரியவர் பின்னர் அத்தொகையைக் கோரலாம். விளம்பரம் ஆங்கில நாளிதழில் வர வேண்டுமாம். சியுரியில் பாது பாடுவோர் கண்ணில் அது எப்படிப் படும் என்பது வேறு விஷயம்.

'பாரம்பரியப் பாடல்' என்று எழுதிவிட்டாலோ விளம்பரமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை, பணமும் இல்லை. அம்முத்திரையைக் குத்துமுன் ஆசிரியரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று சட்டம் தனியே நிபந்தனை விதிக்கவில்லை.

கஹாருக்கு 2024-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பாத்ஷா அனுப்பிய ரூ.5 லட்சம், சட்டத்தின் எந்தப் பிரிவின்படியும் வழங்கப்பட்ட ராயல்டி அன்று.