சிதைந்த ஏட்டைச் செப்பனிடல்: கணிப்பொறிக் கோப்பு முறைமையின் முரண்பாடுகளும் பழுது நீக்கமும்

முன்னுரை

ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்துக்குப் பகையாக இருந்தவை செல்லும் பூச்சியும். தாளில் எழுதிய காலத்தில் ஈரமும் தீயும். கணிப்பொறியில் எழுதும் இக்காலத்தில் அப்பகை ஒரு நொடி மின்தடையாக வந்து நிற்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2012-ஆம் ஆண்டின் மின்தட்டுப்பாட்டையும், 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் புகுந்த வெள்ளத்தையும் நாம் கண்டிருக்கிறோம். மின்சாரம் திரும்பியதும் கணிப்பொறி ஒரு வினாவை எழுப்பும்: ‘தட்டில் பிழை உள்ளது, சரிசெய்யலாமா?’ நம்மிற் பலர் படித்துப் பாராமலே ‘ஆம்’ என்று அழுத்திவிடுகிறோம். அந்த ‘ஆம்’ எதற்கு இசைகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோப்பு முறைமை என்பது யாது?

ஒரு நூலகத்தை எண்ணிப் பாருங்கள். பட்டியல் அட்டையில் நூலின் பெயரும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்குரிய நூல் எந்த அலமாரியில் எந்த அடுக்கில் உள்ளது என்பதைப் பதிவேடு காட்டும். எந்த அடுக்குகள் வெறுமையாக உள்ளன என்பதற்கு வேறொரு பட்டியல் இருக்கும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும் வரையில்தான் அது நூலகம். பொருந்தாவிடின் அது வெறும் புத்தகக் குவியல்.

கணிப்பொறியின் வன்தட்டும் அத்தகையதே. அது சம அளவுள்ள தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு தொகுதி பெரும்பாலும் 4,096 பைட்டு கொண்டது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்வதால், ஒரு தொகுதியில் ஏறத்தாழ 1,365 தமிழ்க் குறிகள் அடங்கும். ஆகவே ஒரு நீண்ட கட்டுரை பல தொகுதிகளில் சிதறிக் கிடக்கலாம். அவற்றை ஒரு கோப்பாகக் காட்டுபவை மூன்று ஏடுகள். பெயர்களைக் கொண்டது அடைவு. ஒவ்வொரு கோப்பும் எந்தெந்தத் தொகுதிகளில் உள்ளது என்று கூறுவது யூனிக்சு வழிவந்த இயங்குதளங்களில் ஐநோடு எனப்படும். எவை நிரம்பியவை, எவை வெறுமை என்று கூறுவது இருப்புப் பட்டியல்.

முரண்பாடு தோன்றும் வகை

ஒரு கோப்பைச் சேமிப்பது நமக்கு ஒரு செயல். கணிப்பொறிக்கோ அது பல செயல்களின் தொகுப்பு. உள்ளடக்கத்தைத் தொகுதியில் எழுத வேண்டும். ஐநோட்டைத் திருத்த வேண்டும். இருப்புப் பட்டியலிலும் குறிக்க வேண்டும். விரைவு கருதி இவற்றை உடனே தட்டில் எழுதாமல், சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து பிறகு எழுதுவதே இயங்குதளங்களின் வழக்கம். அந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால் ஓர் ஏடு திருத்தப்பட்டும் மற்றோர் ஏடு திருத்தப்படாமலும் நின்றுவிடும். பென்டிரைவை எழுதும்போதே பிடுங்குவதும் இதே விளைவைத் தரும். 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் உள்ளன. மின்கலம் செயலிழந்த பின் நேரடி மின்சாரத்தில் மட்டும் இயக்கப்படும் மடிக்கணினிக்கும் இவ்விடர் உண்டு.

முரண்பாடுகள் பலவகை. ஒரே தொகுதிக்கு இரு கோப்புகள் உரிமை கொண்டாடலாம். எவருக்கும் உரியதல்லாத தொகுதி நிரம்பியதாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். இதனால் இடம் வீணாகுமேயன்றி வேறு கேடில்லை. பெயரற்ற கோப்பு அநாதையாய் நிற்கலாம். இவை யாவற்றினும் கொடியது, பயன்பாட்டிலுள்ள தொகுதி வெறுமையெனக் குறிக்கப்படுவதாகும். அடுத்து எழுதப்படும் கோப்பு அதன் மேலேயே எழுதப்பட்டுவிடும்.

சரிபார்ப்பின் ஐந்து கட்டங்கள்

தொடக்கத்தில் யூனிக்சு இயங்குதளத்தில் இச்சோதனைகளுக்குத் தனித்தனி நிரல்கள் இருந்தன. அவற்றை ஒருங்கிணைத்து, பழுது நீக்கவும் வல்லதாக அமைந்த நிரல் எஃப்எஸ்சிகே. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டெட் கோவால்ஸ்கி 1970-களின் பிற்பகுதியில் இதனை எழுதினார். பின்னர் பெர்க்லியில் மார்ஷல் கிர்க் மெக்குசிக் இதனை மேம்படுத்தினார். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வழியில் செக்டிஸ்க் நிரலும், 1993-இல் எம்எஸ்-டாஸ் 6.2 பதிப்புடன் வந்த ஸ்கேன்டிஸ்க் நிரலும் இதே பணியைச் செய்தன. செக்டிஸ்க் இன்றும் விண்டோசில் உள்ளது.

லினக்சில் இந்நிரல் ஐந்து கட்டங்களாகப் பணியாற்றுகிறது. முதற்கட்டத்தில் ஒவ்வோர் ஐநோட்டையும் படித்து, அது உரிமை கொண்டாடும் தொகுதிகளைக் குறித்துக்கொள்கிறது. ஒரே தொகுதி இருமுறை வந்தால் முரண்பாடு வெளிப்படும். இரண்டாவதில், அடைவிலுள்ள ஒவ்வொரு பெயரும் உண்மையான ஐநோட்டைச் சுட்டுகிறதா என்று பார்க்கிறது. மூன்றாவதில், ஒவ்வோர் அடைவையும் வேரிலிருந்து சென்றடைய வழியுண்டா என்று சோதிக்கிறது. நான்காவதில், ஒவ்வொரு கோப்புக்கும் எத்தனை பெயர்கள் உள்ளன என்று எண்ணிப் பதிவோடு ஒப்பிடுகிறது. பெயரிழந்தவற்றை ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ என்னும் தனி அடைவில் எண்ணையே பெயராக இட்டு வைக்கிறது. ஐந்தாவதில், முதற்கட்டத்தில் தான் எடுத்த கணக்கைக் கொண்டு இருப்புப் பட்டியலைச் சரிபார்த்துத் திருத்துகிறது.

கணக்குப் பொருந்தினால் உண்மை கிட்டுமா?

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி உள்ளது. எம் வட்டாரத்து ஜமாஅத் ஒன்றில் நிக்காஹ் பதிவேட்டையும் ஜனாஸாப் பதிவேட்டையும் எளிய உரைக் கோப்புகளாகத் தட்டெழுதி ஒரு பென்டிரைவில் வைத்திருந்தனர். எம் மாணவர் சிலரும் அப்பணிக்குத் துணைநின்றனர். ஒரு நாள் எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மீண்டும் இயக்கியதும் எழுந்த வினாவுக்கு எம்மவர் ‘ஆம்’ என்று விடையளித்தனர். சிறிது நேரத்தில் பிழைகள் நீக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அனைவரும் மகிழ்ந்தோம்.

சில வாரங்கள் கழித்து ஒருவர் தம் தந்தையார் அடக்கம் செய்யப்பட்ட நாளை அறிய வந்தார். கோப்பைத் திறந்தபோது, ஜனாஸாப் பதிவுகளின் நடுவே நிக்காஹ் பதிவுகள் சில இடம்பெற்றிருந்தன. ஒரு தொகுதிக்கு இரு கோப்புகளும் உரிமை கொண்டாடியிருக்கின்றன. நிரல் அத்தொகுதியைப் படியெடுத்து இரண்டுக்கும் ஒவ்வொன்று கொடுத்து வழக்கைத் தீர்த்துவிட்டது. கணக்கின்படி முரண்பாடு நீங்கியது. ஆயின் அவருடைய தந்தையார் பெயர் அங்கில்லை. பழைய காகிதப் பதிவேடு அலமாரியில் பத்திரமாக இருந்ததால் மட்டுமே அந்நாளைக் கண்டறிய முடிந்தது.

வணிகவியல் மாணவர் இதனை எளிதில் உணர்வர். இருப்பாய்வின் இருபுறமும் பொருந்திவிட்டாலே பேரேட்டில் பிழையில்லை என்று கொள்ளலாகாது. ஒருவர் கணக்கில் எழுத வேண்டியதை மற்றொருவர் கணக்கில் எழுதினாலும் கூட்டுத்தொகை பொருந்தும். சரிபார்ப்பு நிரலும் ஏடுகளின் பொருத்தத்தையே பார்க்கிறது. எழுதப்பட்டதன் உண்மையை அது அறியாது. கணக்கைப் பொருத்துவதற்காகச் சிதைந்த பகுதியை வெட்டிவிடவும் அது தயங்காது.

எழுதிவைத்துச் செய்யும் முறை

தட்டுகள் பெருக, முழுத்தட்டையும் சோதிக்க நெடுநேரம் ஆயிற்று. அதற்குத் தீர்வாகக் குறிப்பேட்டு முறை பரவியது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகே பேரேட்டில் ஏற்றுவது இம்முறை. இடையில் மின்சாரம் நின்றால், முழுமையாக எழுதப்பட்ட குறிப்புகளை மீண்டும் நிறைவேற்றி, அரைகுறைக் குறிப்புகளைத் தள்ளிவிடலாம். சில நொடிகளில் பணி முடியும். 1993-இல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ் முறையிலும், 2001-இல் லினக்சில் இணைந்த எக்ஸ்ட்3 முறையிலும் இவ்வமைப்பு உண்டு.

கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைக்குமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நம் மாணவர் அறிவர். முன்னரே எழுதிவைத்தல் பின்னர் எழும் வழக்கைத் தவிர்க்கும் என்னும் நெறி கணிப்பொறிக்கும் பொருந்துவது எண்ணி மகிழத்தக்கது.

எனினும் இம்முறைக்கும் எல்லையுண்டு. வழக்கமான அமைப்பில் குறிப்பேட்டில் இடம்பெறுவன ஏடுகளின் மாற்றங்களே. கோப்பின் உள்ளடக்கம் அன்று. எக்ஸ்ட்3 முறையில் 5 நொடிக்கு ஒருமுறை குறிப்புகள் தட்டில் ஏறுவது இயல்பான ஏற்பாடு. எனவே கடைசி நொடிகளில் தட்டெழுதியது போகலாம். மேலும், நம் பென்டிரைவுகளிற் பல குறிப்பேடே இல்லாத ஃபேட் வகை முறைமையைக் கொண்டவை.

செய்யத்தக்கன

பிழைச் செய்தி வந்தவுடன் அத்தட்டில் புதிதாக எதையும் எழுதலாகாது. முதலில் படிக்க முடிந்தவற்றை வேறொரு தட்டில் படியெடுக்க வேண்டும். தட்டே நோயுற்றிருந்தால், அதாவது விந்தையான ஒலி எழுந்தாலோ படிக்கும்போது பிழைகள் பெருகினாலோ, பழுது நீக்கும் நிரலை இயக்குவது நோயை முற்றச் செய்யும். அந்நிலையில் முழுத்தட்டின் படிமத்தையும் எடுத்து, அப்படிமத்தின் மேலேயே பணி செய்தல் வேண்டும்.

அடுத்து, திருத்தாமல் சோதனை மட்டும் செய்க. செக்டிஸ்க் நிரலை ‘/எஃப்’ என்னும் குறியின்றி இயக்கினால் அது பார்ப்பதோடு நின்றுவிடும். எஃப்எஸ்சிகே நிரலில் ‘-என்’ என்னும் குறி எல்லா வினாவுக்கும் ‘இல்லை’ என்று விடையளிக்கும். அறிக்கையைப் படித்து, எந்தக் கோப்புகள் சுட்டப்படுகின்றன என்று குறித்துக்கொண்ட பின்னரே திருத்தத்துக்கு இசைய வேண்டும். லினக்சில் பயன்பாட்டிலிருக்கும் முறைமையை அந்நிலையிலேயே திருத்தலாகாது; அதனை விடுவித்த பிறகே நிரலை இயக்க வேண்டும்.

இறுதியாக, சுட்டப்பட்ட கோப்புகளைத் திறந்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். இதனை எந்த நிரலும் நமக்காகச் செய்யாது.

முடிவுரை

உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842-இல் அச்சேறியது. புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சுவடிகளைத் தேடித் திரட்டி, ஒப்பிட்டுப் பதிப்பித்தார்கள். சுவடிகள் பல ஊர்களில் பல இல்லங்களில் இருந்தமையாலன்றோ ஒப்பிட முடிந்தது? ஒரே ஒரு சுவடி இருந்து அதிலும் சில ஏடுகள் சிதைந்திருந்தால், எத்துணைப் புலமையும் அவ்விடத்தை நிரப்பியிராது.

பழுது நீக்கும் நிரல் ஏடடுக்கித் தரும். இழந்த பாட்டை எழுதித் தராது. ஆகவே நம் பள்ளிவாசல்களின் பதிவேடுகளையும், நம் துறையின் ஆய்வேடுகளையும் கணிப்பொறியில் ஏற்றும் இளைஞர்கள், ஒரு படியை வேறொரு தட்டிலும் மற்றொரு படியை வேறோர் இல்லத்திலும் வைக்க வேண்டும். மூலமான காகிதப் பதிவேட்டை, ‘இனி இது எதற்கு?’ என்று ஒதுக்கிவிடலாகாது. தந்தையின் நாளைத் தேடி வரும் மகனுக்கு விடையளிக்கும் பொறுப்பு கணிப்பொறியுடையதன்று, அது நம்முடையது.