கடலைப் புண்ணாக்கும் கடல் உப்பும்: ஒரு புரதக் குறிப்பு

"எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது"ன்னு சொல்லிக்கிட்டே நாம தேங்காய்ப் பால் பிழியறோம். அதுவும் எண்ணெயும் தண்ணியும்தான். பொடிப்பொடியான எண்ணெய்த் துளிகள் நீரில் மிதக்கும் இந்தக் கலவைக்குப் பால்மம் என்று பெயர். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் தடுப்பது தேங்காயில் உள்ள புரதம்.

புரதச் சங்கிலியில் நீரை விரும்பும் பகுதிகளும் உண்டு, நீரை வெறுக்கும் பகுதிகளும் உண்டு. எண்ணெய்த் துளியைத் தொட்டதும் சுருண்டிருந்த சங்கிலி கொஞ்சம் அவிழும். வெறுக்கும் பகுதி எண்ணெய்ப் பக்கம் சாயும், விரும்பும் பகுதி நீர்ப் பக்கம் நீளும். இப்படித் துளியைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் உருவாகிறது. எல்லாத் துளிகளின் தோலிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிவிடும். சோப்பு மூலக்கூறு சின்னது, வேகமா வேலை பார்க்கும். புரதம் பெரிசு, மெதுவாத்தான் போய்ச் சேரும். ஆனா அது போடுற தோல் கெட்டி.

இன்று தொழிற்சாலைகளில் பயன்படும் சர்ஃபாக்டன்டுகளில் பல பெட்ரோலியத்திலிருந்து வருகின்றன. அதுக்கு மாற்று எங்க பெருமுக்கல் பக்கத்துலயே கிடக்குதுன்னு எனக்குத் தோணும். இது மணிலாக்கொட்டை விளையும் பூமி. டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. எண்ணெய் முழுக்க எடுத்த பிண்ணாக்கில் கிட்டத்தட்டப் பாதி புரதம். மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. நிறுவனம் இந்தப் புரதத்தைப் பாலோடு கலந்து 'மில்டோன்' என்ற பானத்தையே உருவாக்கியது. ஆனாலும் பிண்ணாக்கு பெரும்பாலும் மாட்டுக்கும் வயலுக்கும்தான் போகுது.

சிக்கல் மூணு. முதலாவது சூடு. எக்ஸ்பெல்லரில் அதிகம் சூடான புரதம் இறுகிவிடும், நீரில் சரியாகக் கரையாது. இரண்டாவது புளிப்பு. பி.எச். 4.5-க்கு அருகில் கடலைப் புரதத்தின் நிகர மின்னூட்டம் பூச்சியமாகி, துளிகள் திரண்டுவிடும். ஊறவைத்த கடலையை அரைத்து வடிகட்டி, அந்தப் பாலில் எலுமிச்சை பிழிஞ்சு பாருங்க, புரியும்.

மூன்றாவது உப்பு. இதுதான் சுவாரசியம். கொஞ்சம் உப்பு சேர்த்தால் கடலையின் குளோபுலின் புரதங்கள் இன்னும் நன்றாகக் கரையும். அதிகமானால் உப்பின் அயனிகள் மின்னூட்டத்தை மறைத்துவிடும், தள்ளுவிசை செத்துப்போகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மரக்காணம் பாத்தியில் நிற்கும் நீரில் அதைவிடப் பல மடங்கு. அங்கே மின்னூட்டத்தை நம்ப முடியாது, தோலின் தடிமன் மட்டும்தான் துணை.

அதனால 'எல்லாத்துக்கும் புரதம்'னு சொல்ல மாட்டேன். உப்பும் புளிப்பும் குறைந்த உணவுகளுக்கும் க்ரீம்களுக்கும் இது நல்ல வழி. அதற்கும் முன்னால், கடலையை ஈரம் போகக் காயவைக்கணும். இல்லேன்னா பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் சேரும். அந்த நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயோடு போகாது, பிண்ணாக்கிலேயே தங்கும். சமையல் சூட்டிலும் முழுசா அழியாது. ஆக, இந்தத் தொழில்நுட்பத்தோட முதல் படி ஆய்வகத்துல இல்லை, களத்துமேட்டுல இருக்கு.