அக்கிலீசும் அலெக்சாந்தரும்: ஓர் ஒப்பீடு

முன்னுரை

க. கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரநிலைக் கவிதையோடு ஒப்பிட்டு எழுதிய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. ஆதலின், ஹோமரின் இலியட் காப்பியம் தமிழாய்வுலகிற்குப் புதியதன்று. பொதுவாகக் காப்பியத் தலைவனையும் வரலாற்று வேந்தனையும் ஆய்வாளரே ஒப்பிட்டுக் காண்பர். மாசிடோனிய வேந்தன் அலெக்சாந்தரோ (கி.மு. 356–323) அக்காப்பியத் தலைவனாகிய அக்கிலீசைத் தானே முன்மாதிரியாகக் கொண்டான் எனப் பண்டைய நூலாசிரியர் கூறுகின்றனர். அவ்வொப்புமை எங்குப் பொருந்துகின்றது, எங்கு முறிகின்றது என்பதை நாம் இங்குக் காண்போம்.

ஒற்றுமைகள்

அலெக்சாந்தரின் தாய் ஒலிம்பியாஸ் பிறந்த மொலோசிய அரசகுலம், தன்னை அக்கிலீசின் வழித்தோன்றல் எனக் கூறிக்கொண்டது. இளமையில் அவனுக்குக் கற்பித்தவருள் ஒருவரான லைசிமாக்கஸ் அவனை அக்கிலீஸ் என்றே அழைத்தார். அரிஸ்டாட்டில் திருத்தியமைத்த இலியட் படியொன்றை அவன் குறுவாளுடன் தலையணையின்கீழ் வைத்திருந்தான் எனப் புளூட்டார்க் எழுதுகின்றார். கி.மு. 334இல் ஆசியாவிற்குள் நுழைந்ததும் டிராய் நகர் சென்று, அக்கிலீசின் கல்லறைக்கு மாலை சூட்டினான் என்பர். அவ்வேளையில் அவனுடைய உயிர்நண்பன் ஹெபஸ்தியோன், அக்கிலீசின் நண்பனாகிய பெட்ரோக்ளசின் கல்லறைக்கு மாலை சூட்டினானாம். கி.மு. 324இல் ஹெபஸ்தியோன் இறந்தபோது, பெட்ரோக்ளசுக்காக அக்கிலீஸ் செய்ததுபோலவே அலெக்சாந்தரும் தன் முடியைக் களைந்து துயருற்றான். ஓராண்டு நிறைவதற்குள், 32ஆம் அகவையில் பாபிலோனில் தானும் மாண்டான். குறுகிய வாழ்வும் நெடிய புகழும் இருவர்க்கும் பொதுவாயின.

வேற்றுமைகள்

எனினும், இருவரும் நின்ற நிலை வேறு. அக்கிலீஸ் பேரரசன் அகமெம்னானின் தலைமையின்கீழ்ப் போரிட்டவன். அலெக்சாந்தர் தானே பேரரசன். தன்னை இழிவுபடுத்திய அகமெம்னான்மீது அக்கிலீஸ் வாளை உருவ முற்படும்போது, அதீனா தேவி தோன்றித் தடுக்கின்றாள். கி.மு. 328இல், விருந்தொன்றில் தன்னை இடித்துரைத்த கிளைட்டசை அலெக்சாந்தர் ஈட்டியால் குத்திக் கொன்றான். உடனிருந்தோர் தடுக்க முயன்றும் பயனில்லை. கிளைட்டசோ முன்னர்க் கிரானிக்கஸ் போரில் அவனுயிரைக் காத்தவன். அக்கிலீஸ் அரசனைச் சினந்து பாசறையில் ஒதுங்கினான், அலெக்சாந்தரோ கி.மு. 326இல் பியாஸ் ஆற்றங்கரையில், மேற்செல்ல மறுத்த தன் வீரரைச் சினந்து கூடாரத்தில் ஒதுங்கினான். அக்கிலீஸ் இன்றிப் படை தோற்றது. அலெக்சாந்தரின் படையோ அசையவில்லை. வேந்தனே திரும்ப நேர்ந்தது.

மிக முதன்மையான வேற்றுமை இரக்கத்தைப் பற்றியது. எக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுத்த அக்கிலீஸ், இறுதியில் முதியவனாகிய பிரயாமின் கண்ணீருக்கு இரங்கி, அவ்வுடலை அவனிடம் ஒப்படைக்கின்றான். சினத்தில் தொடங்கும் காப்பியம் இரக்கத்தில் நிறைவுறுகின்றது. அலெக்சாந்தரின் வாழ்வில் இவ்வொழுங்கு இல்லை. கி.மு. 333இல் பாரசீக மன்னன் தாரியசின் தாயையும் மனைவியையும் சிறைப்பிடித்தபோது கண்ணியமாக நடத்தினான். மறு ஆண்டு, காசாவின் தலைவன் பேட்டிசை உயிருடன் தேரில் கட்டி இழுக்கச் செய்தான் என்று கர்ட்டியஸ் கூறுகின்றார். கி.மு. 330இல் தாரியசின் உடலுக்கு அரச மரியாதை அளித்தான். இரக்கமும் கொடுமையும் அவனிடம் மாறிமாறித் தோன்றின.

முடிவுரை

பேட்டிஸ் நிகழ்ச்சியை அர்ரியன் குறிப்பிடவில்லை என்பது கருதத்தக்கது. கர்ட்டியஸ், புளூட்டார்க், அர்ரியன் ஆகிய மூவரும் அலெக்சாந்தர் மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகிய பின்னர் எழுதியவர்கள். ஹோமரைக் கற்றுத் தேர்ந்தவர்கள். ஆகவே, நாம் காணும் ஒற்றுமைகளுள் எவை வேந்தன் வாழ்ந்து காட்டியவை, எவை எழுதியோர் கண்டவை எனப் பிரித்தறிதல் வேண்டும். வகுப்பறையில் இவ்வொப்பீட்டைக் கையாளும் ஆசிரியர், ஒற்றுமைகளைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடலாகாது. அக்கிலீசின் கொடுமைக்கு ஹோமர் ஒரு முடிவு வகுத்தார். அலெக்சாந்தருக்கு அத்தகைய முடிவை வகுத்தளிக்கப் புலவன் எவனும் இல்லை. காப்பிய நாயகனுக்குரிய பெருமையை வரலாற்று வேந்தனுக்கு வழங்குமுன், நாம் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் கடமையாகும்.