மதுநோயும் உற்றவர் ஆராய்ச்சியும்

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் மருந்தினை 95ஆம் அதிகாரமாகவும் வைத்தார். முன்னையது குடியின் இழிவைக் கூறுகின்றது. பின்னையது மருத்துவத்தின் கூறுகளை நான்கென வகுக்கின்றது. நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்னும் அந்நான்கனுள் நோயுற்றவனே முதற்கண் எண்ணப்படுகின்றான். குடியை நோயெனவும் கொள்வோமாயின், உற்றவனுக்கு அம்முதலிடத்தை நாம் அளித்தோமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சப்பிரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களையுடையது. தெகியோவிட்டை, எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானை முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே தென்னிந்தியாவினின்றும் வந்த தொழிலாளரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். இங்குத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களினிடையே சிதறிக் கிடக்கின்றன. சாராயத்தோடு, களவிற் காய்ச்சப்படும் கசிப்பும் புழங்குகின்றது. சம்பளத்தின் ஒரு பகுதி லயத்தை அடையுமுன்னரே கரைந்துவிட, நாளெல்லாம் கொழுந்து பறித்த மனைவியே கடைக்கடனுக்கு விடைகூற வேண்டியவளாகின்றாள்.

அரசும் பொதுநிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை. மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம் 1987இல் தோன்றியது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்றலைத் தடுத்தது. எனினும், லயத்தினுள்ளே ஒருவன் எவ்வாறு குடியினின்றும் மீள்வான் என்பதைச் சட்டம் கூறாது.

அதனை அறிய முனையும் ஆராய்ச்சியிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பத்து வினாக்கள் கொண்ட பரிசோதனை, குடித்த அளவையும் கேட்கின்றது. ஒரே போத்தலைப் பலர் பகிர்ந்து, வலிமை அறியாக் கசிப்பைக் குடிக்குமிடத்து அவ்வளவு எங்ஙனம் கிட்டும்? கசிப்போ சட்டவிரோதமானது, ஆகவே அந்நியர் கேட்பின் உண்மையும் வெளிவராது. தோட்டத்தவரே கேட்பாராயின் வினாவே வேறாகும். யார் கடனிற் குடிக்கின்றான்? உடல்நோவுக்காகவா, தோழரை மறுக்க மாட்டாமையாலா? மாரியம்மன் திருவிழாவிற்குக் காப்புக் கட்டி விரதமிருப்போன் அந்நாள்களில் மதுவைத் தொடாதிருந்து, பின்னர் மீண்டும் தொடுவது ஏன்? விரதத்தைக் காத்தது எது, குலைத்தது எது என ஆராயின், சிகிச்சைக்குரிய அறிவு அவர்களிடத்தேயே உள்ளமை புலனாகும்.

இஃது இயலாததன்று. மேற்கு அவுத்திரேலியாவின் பிற்ஸ்ரோய் குறொசிங் என்னுமிடத்தில், யூன் ஒஸ்கார் முதலிய பழங்குடிப் பெண்கள் 2007இல் முயன்று, வெளியே எடுத்துச் செல்லும் கடுமதுவின் விற்பனையைக் கட்டுப்படுத்துவித்தனர். பின்னர், தாய்வயிற்றிலேயே மதுவால் ஊறுற்ற குழந்தைகளின் நிலையை அறிய விழைந்து, மருத்துவ ஆராய்ச்சியாளரைத் தாமே அழைத்தனர். 2002, 2003ஆம் ஆண்டுகளிற் பிறந்த குழந்தைகளுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் அவ்வாறு பாதிப்புற்றமை தெரியவந்தது. அம்முடிவு வெளியார் சுமத்திய பழியாகாது, தம் குழந்தைகளுக்கு உதவி கோருதற்குரிய சான்றாயிற்று.

நம் தோட்டங்களிலும் அங்குள்ள ஆசிரியரும், மருத்துவமாதரும், குடியை விட்டோரும், அவர்தம் மனைவியரும் வினாக்களை வகுக்கலாம். கண்ட முடிவுகள் முதலில் அத்தோட்டத்தார் முன்னிலையிலேயே வாசிக்கப்படல் வேண்டும். ஆயினும் மருத்துவனை விலக்குதல் கூடாது. நாடோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தின் நடுக்கமும், வலிப்பும், சித்தக் கலக்கமும் தோன்றும்; உயிரிழப்பும் நேரலாம். அத்தகையோன் கோயிற் சபதத்தோடு வைத்தியசாலையையும் நாடல் வேண்டும்.

நோயுற்றவனை முதலில் எண்ணிய வள்ளுவர் ஏனை மூன்றனையும் நீக்கினாரல்லர். அந்நான்கும் கூடுமிடத்தே தோட்டத் தொழிலாளி, பிறர் எண்ணிக்கையில் ஒரு குடிகாரனாக இராது, தன் நோயை அறிந்துரைக்கும் மனிதனாவான்.