கணினி காட்டும் இருப்பும் ஸ்டோரில் உள்ள சரக்கும்

பதுளையில் பில் அடிக்கக் கணினி வைத்திருக்கும் முதலாளிமார் பலர், சரக்கு முடிகிறதா என்று அறிய இன்னும் ஸ்டோருக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். அநேகமாக அதே கணினியில் இருப்பைத் திட்டமிடும் பகுதியும் இருக்கும். அதைச் சரியாக அமைத்தால் புறக்கோட்டைக்கு எப்போது ஓடர் கொடுப்பது என்று அதுவே சொல்லும்.

முதலில் இருப்பு. ஸ்டோரில் பருப்பு 20 மூட்டை கிடக்கிறது என்று வைப்போம். பசறை, லுணுகலைக் கடைக்காரர்கள் 14 மூட்டைக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். நீங்கள் விற்கக்கூடியது 6 தான். கொழும்பில் 30 மூட்டைக்கு ஓடர் இருந்தால் கணினி 36 என்று காட்டலாம். அந்த 30 வந்துசேரும் திகதி பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லொறியில் ஏறாத சரக்கை இன்றைக்கே விற்றுவிடுவீர்கள்.

அடுத்தது மீள்கட்டளை மட்டம். இருப்பு எந்த அளவுக்குக் குறைந்தால் ஓடர் கொடுக்க வேண்டும் என்பதே அது. ஒரு நாள் விற்பனையைச் சரக்கு வந்துசேரும் நாட்களால் பெருக்கி, கொஞ்சம் காப்பு இருப்பும் சேர்ப்பார்கள். மாதம் 90 மூட்டை போனால் நாளுக்கு 3. கொழும்பிலிருந்து வர 4 நாள் என்றால், காப்பு நீங்கலாக 12 மூட்டை. கொழும்புக் கடைக்கு இந்தச் சராசரி போதும். நமக்குப் போதாது. தோட்டங்களில் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் கிடைக்கும் வாரத்தில் நாளுக்கு 6 மூட்டை போகும். மற்ற நாட்களில் சுமார் 2. அந்த வாரத்துக்கு மட்டம் 24 ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையில் காசோடு வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போவார். போனவர் கடன் கொப்பியையும் அங்கேயே திறப்பார்!

வந்துசேரும் நாட்களும் எப்போதும் 4 அல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்துப் பாதைகள் மண்சரிவால் அடைபட்டன. நான் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை 4ஐ 7 ஆக மாற்றிவிடுவேன். அரிசி, மா, சீனி, பருப்பு, பால்மாவுக்கு மட்டும்தான். எல்லாச் சாமானுக்கும் அப்படிச் செய்தால் முதல் முழுவதும் ஸ்டோரில் தூங்கும்.

போன வருடம் இதே மாதம் என்ன விற்றது என்று பார்த்துத் திட்டமிடும் அமைப்பும் சிலவற்றில் உண்டு. ரமழான் வருடத்துக்குப் 10, 11 நாள் முன்னால் வருகிறது. தீபாவளி ஒக்டோபரிலும் வரும், நவம்பரிலும் வரும். அதனால் பேரீச்சம்பழத்தையும் தீபாவளிச் சாமான்களையும் அந்த அமைப்பிலிருந்து எடுத்துவிட்டு, கலண்டரைப் பார்த்து ஓடர் திகதியை நானே பதிகிறேன்.